அசதி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்

போன மாதம் ஏஆர்டி சென்டரில் எச்ஐவி மாத்திரைக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த அண்ணன் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தம்பி, மாத்திரை போட ஆரம்பிச்சதிலிருந்து உனக்கு வீட்ல... அந்த விஷயமெல்லாம் எப்படி?"

பதிமூன்று வருடமாக நானும் போடுகிறேன். கவுன்சிலரிடம்கூட இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. "அசதியா இருக்கு" என்போம், சத்து மாத்திரை தருவார்கள், கிளம்பிவிடுவோம்.

எச்ஐவி உள்ள ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவது அபூர்வமல்ல. கூட்டு மருந்து வருவதற்கு முன், உடல் உருகிப்போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருந்தது. இப்போது குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. அசதி, ஆசைக் குறைவு, மனச்சோர்வு, தசை கரைவது, எலும்பு மெலிவது எல்லாம் இதனாலும் வரலாம். நம் ஆட்களோ பழியை மாத்திரை மேல் போட்டு அதை நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து.

நானே ஏமாந்தேன். இந்த ஹார்மோனைப் பார்க்க மதியம் ரத்தம் கொடுத்தேன், "நார்மல்" என்று வந்தது. அப்புறம் ஹார்மோன் டாக்டர்தான் விளக்கினார்: காலையில், வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாளில் பார்க்க வேண்டும். அதோடு எஸ்எச்பிஜி என்ற புரதம் இந்த ஹார்மோனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எச்ஐவி உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். மொத்த அளவு சரியாகத் தெரியும், உடம்புக்குக் கிடைப்பதோ கம்மி. நகை இருக்கிறது, ஆனால் அடகுக்கடையில். அதனால் இப்படிப் பிடிபடாமல் இருக்கும் டெஸ்டோஸ்டிரோனையும் (ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்) பார்க்க வேண்டும்.

கேட்க வெட்கப்படுகிறவர்கள் கடைசியில் போவது சுவரொட்டி வைத்தியரிடம். அந்த லேகியத்திலும் பஸ்பத்திலும் என்ன இருக்கிறதோ! இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் சேர்த்து விழுங்கினாலே டோலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

ஜிம்மில் யாரோ தரும் ஊசியும் வேண்டாம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏறினால் விந்தணு உற்பத்தி குறையும். பிள்ளை வேண்டும் என்பவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டாக்டர் எழுதித் தந்தாலும் ரத்தம் கெட்டியாகிறதா, புராஸ்டேட் எப்படி என்று அவ்வப்போது பார்க்க வேண்டும்.

2004 ஏப்ரலில் அரசு எச்ஐவி மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியபோது, உயிர் பிழைத்தால் போதும் என்றிருந்தது. அன்று பிழைத்தவர்களில் பலர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் எடை பார்க்கிறார்களே, கூடவே "தாம்பத்தியம் எப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன? அதற்குத் தனியாக மெஷினா வாங்க வேண்டும்?

அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"காலைலயேவா? அப்போ அரை நாள் லீவு சொல்லணுமே. என்ன காரணம் சொல்றது?"

"அசதின்னு சொல்லுங்க" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.