பின்னோக்கி நகரும் வரிசை

மாதந்தோறும் அமெரிக்க வெளியுறவுத் துறை விசா புல்லட்டின் என்றொரு அட்டவணையை வெளியிடுகிறது. கிரீன் கார்டு என்னும் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு, எந்தத் தேதிக்கு முன் வரிசையில் சேர்ந்தவர்களின் முறை வந்திருக்கிறது என்று சொல்வது அது. அதில் இபி-2 என்ற உயர்கல்வி பெற்ற பணியாளர் பிரிவின் வரிசையும் இந்தியா என்ற பத்தியும் சந்திக்கும் ஒரே ஒரு கட்டத்தைப் பார்ப்பதற்காக, அலுவலகக் கூட்டத்தின் நடுவிலும் மேசைக்கடியில் கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கானோரில் நானும் ஒருவன். என் பிரையாரிட்டி டேட், அதாவது வரிசையில் நான் சேர்ந்த தேதி, 2015 மார்ச்.

2022 கோடையில் அந்தக் கட்டம் 2014 டிசம்பர் 1 வரை வந்துவிட்டது. இன்னும் மூன்றே மாதம் என்று நம்பி, என் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தால், அந்தக் காலத்து வழக்கப்படி குழந்தையின் பெயர் என்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. எழுபதைக் கடந்த என் அப்பா, கொளுத்தும் வெயிலில் ஐந்து முறை அலுவலகப் படியேறி, பெயரைச் சேர்த்து வாங்கி, கூரியரில் அனுப்பினார். அது வந்து சேர்ந்தபின் வெளியான அக்டோபர் புல்லட்டினில் அந்தத் தேதி 2012 ஏப்ரல் 1 என்று பின்னுக்குப் போயிருந்தது. 2023 ஏப்ரலில் அது 2011 ஜனவரி 1. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். இது சாண் ஏறிக் காதம் சறுக்கிய கதை. வரிசையில் நிற்பவனைக் காத்திருக்கச் சொல்வதுகூடப் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான், ஆனால் நிற்கிற வரிசையே பின்னால் நகரும் என்றால் அவன் எதை நம்பித் திட்டமிடுவது?

வரம்பே கூடாது என்று நான் வாதாட வரவில்லை; எத்தனை பேரை ஏற்பது என்று தீர்மானிப்பது அந்த நாட்டின் உரிமை. என் ஆத்திரமெல்லாம், வாசலில் ஒரு கணக்கும் பந்தியில் வேறொரு கணக்கும் வைத்திருப்பதைப் பற்றியது. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவுக்கு ஆண்டு வரம்பு 65,000, அங்கேயே முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு மேலும் 20,000; இதில் நாடுவாரி உச்சவரம்பு கிடையாது, பெரும்பங்கு இந்தியர்களுக்கே போகிறது. இப்படி வரவேற்று உட்கார வைத்துவிட்டு, கிரீன் கார்டு என்று வரும்போது மட்டும் எந்த ஊர்க்காரன் என்று கேட்டு இலை போடுகிறார்கள். 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலைவாய்ப்பு வழியாக ஆண்டுக்கு 1,40,000 பேர், அதில் ஒரு நாட்டுக்கு 7 விழுக்காடு. இபி-2-க்கு உரிய சுமார் 40,000-இல் அது ஏறத்தாழ 2,800 ஆகிறது. அந்த 2,800-இல் மனைவி மக்களும் அடக்கம் என்பதால், வீட்டுக்கு நால்வர் என்று வைத்தால் ஆண்டுக்கு 700 குடும்பம். மற்ற நாட்டினர் மிச்சம் வைத்தால் கூடக் கொஞ்சம் கிடைக்கும். 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவுக்கும், நான்கு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்துக்கும் ஒரே உச்சவரம்பு.

இங்கே நாடு என்பது குடியுரிமை அன்று, பிறந்த மண். கணவன் மனைவி இருவரில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் இருவரும் அந்த நாட்டின் வரிசைக்கு மாறிக்கொள்ளலாம். என் நண்பரின் மனைவி மஸ்கட்டில் வளர்ந்தவர், பெற்றோர் வாழ்ந்ததும் அங்கேதான்; ஆனால் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் நம் வழக்கப்படி அவருடைய அம்மா தஞ்சாவூருக்கு வந்து அவரைப் பெற்றெடுத்தார். பாட்டி வைத்துக் கொடுத்த பிரசவ லேகியத்தின் விலை, பேத்திக்குப் பல ஆண்டுக் காத்திருப்பு!

இதற்கிடையே பதவி உயர்வு வந்தால்கூட மகிழ முடிவதில்லை, பணியின் தன்மை மாறினால் கிரீன் கார்டுக்கான முதல் படியான தொழிலாளர் சான்றிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கலாம் என்று வழக்கறிஞர் எச்சரிக்கிறார். நாடுவாரி வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் 365-க்கு 65 என்று நிறைவேறியது, 2020 டிசம்பரில் மேலவையும் தன் வடிவத்தை நிறைவேற்றியது, இரண்டையும் ஒன்றாக்க ஆளில்லாமல் காலாவதியானது. அன்று இனிப்பு வாங்கி வந்த முட்டாள் நான்தான்.

என் மகள் நான்கு வயதில் எங்களோடு வந்தவள், தமிழைவிட ஆங்கிலத்தில்தான் சண்டை போடுவாள். வயது 21 ஆவதற்குள் எங்கள் தேதி வராவிட்டால் அவள் எங்கள் விண்ணப்பத்திலிருந்து கழன்றுவிடுவாள். பள்ளி முழுவதும் படித்த ஊரிலேயே வெளிநாட்டு மாணவியாக விசா கேட்டு நிற்க வேண்டும். 2016-இல் இங்கே பிறந்த அவள் தம்பியோ பிறவிக் குடிமகன். அவனுக்கு 21 நிறையும் 2037-இல் பெற்றோருக்கென்று எங்களுக்கு அவன் விண்ணப்பிக்கலாம், அதற்கு ஆண்டு வரம்பே இல்லை. கணக்குப் போட்டால் அதுவே முந்திவிடும் போலிருக்கிறது. அக்காவுக்கும் நானே போடுகிறேன் என்று அவன் பெருமையாகச் சொன்னபோது, உடன்பிறந்தோர் பிரிவிலும் வரம்பு உண்டு, அதிலும் நாட்டுக்கு 7 விழுக்காடு உண்டு என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை.