"கொஞ்சம் தேற்றி விடலாமே" என்கிறவர்களுக்கு

கடந்த இரண்டு வாரத்தில் நான்கு பேர் எனக்கு ஒரே மாதிரி வீடியோ அனுப்பிவிட்டார்கள். தெர்மகோல் பெட்டி, உள்ளே தேங்காய் நார்த்தூள், தோட்டைக் கிழித்துக்கொண்டு தலை நீட்டும் நல்ல பாம்புக் குட்டிகள், பின்னணியில் மகுடி. கீழே வரிசையாக "அண்ணா, உங்களுக்குப் பெரிய மனசு". பொரிக்க வைத்ததில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. வீடியோ முடிந்த பிறகு அந்தக் குட்டிகள் என்ன ஆயின என்பதுதான் என் கேள்வி. "கொஞ்ச நாள் வளர்த்துத் தேற்றி விடப் போறேன்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அதைப் படித்ததும் பழைய கதை ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் ஊரில் பாம்பு பிடிக்கும் நண்பர் ஒருவரோடு சில வருடம் சுற்றியிருக்கிறேன். ஒரு பெரியவர் தன் மாட்டுக்கொட்டகையை இடித்தபோது சுவருக்கடியில் ஒரு நல்ல பாம்பு, அதன் கீழே 14 முட்டை. பெண் நல்ல பாம்பு முட்டையை விட்டு லேசில் நகராது, நண்பர் பாடுபட்டுத்தான் பிடித்தார். சுவர் பாதி போய்விட்டது, முட்டையை அங்கேயே விட வழியில்லை. வனத்துறைக்குச் சொல்லிவிட்டு எடுத்து வந்தோம்.

எடுப்பதற்கு முன் நண்பர் செய்த முதல் வேலை, ஒவ்வொரு முட்டையின் மேல்பக்கமும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தது. அடைக்கு வைத்த கோழிமுட்டையைத் திருப்பிவிட வேண்டும், பாம்பு முட்டையைத் திருப்பவே கூடாது. கரு மேல்புறத்து ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வளர்வதால், புரண்டால் உள்ளேயே செத்துவிடக்கூடும். அந்த ஓடும் தோல் மாதிரி இருக்கும், நீரை உறிஞ்சும். நார்த்தூள் காய்ந்தால் முட்டை ஒடுங்குகிறது, ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கிறது. இரண்டு மாதம் கிட்டத்தட்ட 29 டிகிரியில் வைத்துக் காத்திருந்தோம்.

12 முட்டையில் கீறல் விழுந்தது. கீறல் விழுந்த உடனே குட்டி வெளியே வராது. தலையை மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும் உள்ளேயே கிடக்கும். மிச்ச மஞ்சள்கருவை அப்போதுதான் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. இது தெரியாமல், நண்பர் இல்லாத நேரத்தில், ஆர்வக்கோளாறில் ஒரு முட்டையை பிளேடால் கீறியவன் நான். மஞ்சள்கருப் பையும் ரத்தமுமாக வெளியே வந்த அந்தக் குட்டி சாயங்காலத்துக்குள் போய்விட்டது.

மிச்சம் 11. நான்காம் நாளே எட்டை, இடிந்த கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரத்தில், வரப்போரப் புதரில் விட்டோம். மூன்று மட்டும் மெலிவாகத் தெரிந்தன. தேற்றி விடலாம் என்று அடம்பிடித்ததும் நான்தான். நண்பர் தலையில் அடித்துக்கொண்டார்.

பொரித்து ஒரு வாரம், பத்து நாளில் குட்டி முதல் சட்டையை உரிக்கும். அதுவரை வயிற்றில் இருக்கும் மஞ்சள்கருவே போதும், பெரும்பாலும் எதையும் தொடாது. நான் இரண்டாம் நாளே "பசிக்குமே" என்று வயல் தவளைக்குஞ்சு தேடி அலைந்தேன்! சட்டை உரித்த பிறகும் இரண்டு குட்டிகள் தின்னவில்லை. ஒன்றுக்கு வலுக்கட்டாயமாக ஊட்டினேன், கக்கிவிட்டு மறுநாள் செத்தது. மற்ற இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டிருந்தேன். ஒரு தவளையை இரண்டும் இரு பக்கமாகக் கவ்வ, பெரியது தவளையோடு சேர்த்துச் சின்னதையும் விழுங்கிவிட்டது. பாம்பைத் தின்னும் பாம்பு அது, அதைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆகத் தேற்றிய லட்சணம் மூன்றில் ஒன்று.

நாம் தாயில்லாப் பிள்ளையை நினைத்து உருகுகிறோம். பாம்பு வீட்டில் அந்தக் கதையே கிடையாது. மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, உடம்பை வெட்டி வெட்டி நடுங்கவைத்தே சூடு கொடுக்கும். அவ்வளவு பாடுபடுகிற தாய்கூட குட்டிகளுக்கு இரை ஊட்டுவதில்லை. குட்டி பொரிந்த நாள் முதல் தனியாள். பல குட்டிகள் கீரிக்கும் மயிலுக்கும் வல்லூறுக்கும் போகும், உண்மைதான். பாம்பு ஒரு முட்டையோடு நிறுத்தாமல் பத்து, இருபது இடுவதும் அதனால்தான்.

குட்டி வளர்ப்பு என்பதே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் சோளப்பாம்பு என்ற விஷமில்லாத பாம்பைச் செல்லமாக வளர்ப்பவர்கள் அதை ஒரு கைத்தொழிலாகவே செய்கிறார்கள். ஒரு டப்பாவுக்கு ஒரு குட்டி, சட்டை உரித்த பிறகுதான் இரை, நாலைந்து வேளை ஒழுங்காகத் தின்னும்வரை கையில் எடுப்பதில்லை. உறையவைத்து இளக்கிய எலிக்குஞ்சைத் தொடவில்லையா, அதன்மேல் பல்லி வாசனையைத் தேய்த்துக் கொடுப்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்த இனம், காட்டுக்குத் திரும்பப் போவதும் இல்லை. அது வேறு கணக்கு. அங்கேயும் அசிங்கம் உண்டு. ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பில் 'ஸ்பைடர்' என்று ஒரு நிற வகை, தலை ஆட்டம் அதன் பிறவியோடு வருகிறது. தெரிந்தே இனப்பெருக்கம் செய்கிறார்கள், விலை போகிறதே! பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் துணிப்பைக்குள் சுருட்டிய பந்து மலைப்பாம்புகள் சென்னை விமான நிலையத்தில் பிடிபடுவது இப்போது பழகிப்போன செய்தி.

நம்மூர்ப் பாம்பு என்றால் சட்டமே இடம் தராது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் 'விலங்கு' என்ற சொல்லுக்குள் குட்டியும் முட்டையும் அடக்கம். லைக் வாங்கும் தம்பிகள் அந்த ஒரு வரியையாவது படிக்கலாம். அப்புறம், நல்ல பாம்புக் குட்டியை உள்ளங்கையில் வைத்து எடுக்கும் படங்கள். முட்டையை விட்டு வரும்போதே அதற்குப் பல்லும் இருக்கிறது, விஷமும் இருக்கிறது.

பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய விஷத்துக்காகப் பண்ணை போட்டு வளர்க்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 1978இல் பதிவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பாருங்கள். பாம்பையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள். வளர்ந்த பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்து, அடையாளமிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். குட்டி வளர்க்கும் வேலைக்கு அவர்களே போகவில்லை.

அடுத்த வருடம் அதே பெரியவர் போன் செய்தார். வைக்கோல் போருக்கடியில் ஏதோ முட்டை தெரிகிறதாம், வந்து எடுத்துப் போகச் சொன்னார். போரைப் பிரிக்க அவசரமா என்று கேட்டேன். "அவசரமில்ல தம்பி, மாட்டுக்கு வேற தீவனம் இருக்கு" என்றார். அப்படியே மூடிவைத்துவிட்டு, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள் என்றேன். புரட்டாசியில் மறுபடி கூப்பிட்டார்: "வெறும் தோடுதான் கிடக்குது. என்ன பாம்புன்னே தெரியல."