91 முதன்மை எண் இல்லை

ஒருவர் "2, 3, 5 ஆல் மீதியின்றி வகுபடாவிட்டால் அது முதன்மை எண்தான், பிள்ளைகளுக்கு இது போதும்" என்று எழுதியிருக்கிறார். முதன்மை எண் என்றால் 1ஆலும் தன்னாலும் மட்டும் மீதியின்றி வகுபடும் எண், அதாவது இரண்டே இரண்டு காரணிகள் உள்ள எண். தயவுசெய்து அந்தக் குறுக்குவழியை அப்படியே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

திருகோணமலை உப்புவெளியில் பின்னேரங்களில் ஆறாம், ஏழாம் தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் குறுக்குவழியோடு வருகிறவர்கள் 91 இல்தான் விழுகிறார்கள். கடற்கரையில் பொறுக்கிய 91 சிப்பிகளைக் கொடுத்து வரிசையாக அடுக்கச் சொன்னேன். 7 வரிசை, வரிசைக்கு 13. ஒன்றும் மிஞ்சவில்லை! 7உம் 13உம் அதன் காரணிகள்.

அந்த விதி 2 முதல் 48 வரை சரியாக வரும், அதனால்தான் பலர் நம்பிவிடுகிறார்கள். 49 இல், அதாவது 7×7 இல், உடைந்துபோகும். அப்புறம் 77, 91 என்று தொடரும். 7ஐயும் சேர்த்துக்கொண்டால் தீருமா? 121 வரும், 143 வரும், அது 11×13.

எங்கே நிறுத்துவது என்பதுதான் முக்கியம். காரணிகள் சோடியாக வரும். 97ஐ எடுங்கள். சோடியில் இரண்டுமே 10 அல்லது அதற்கு மேல் என்றால் பெருக்கம் குறைந்தது 100 ஆகிவிடும். ஆகவே ஒன்றாவது 10க்குக் கீழே இருக்கவேண்டும். 2, 3, 5, 7 நான்கையும் பார்த்தால் போதும். 2, 3, 5 ஆல் 97 வகுபடாது. 7இன் மடங்குகளில் 91க்கு அடுத்தது 98, ஆகவே 7ஆலும் வகுபடாது. சரி, 97 முதன்மை எண்தான். எந்த எண்ணுக்கும் அதன் வர்க்கமூலம் வரை உள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பாருங்கள், அதற்கு மேல் தேவையில்லை.

இன்னொன்று, 1 முதன்மை எண் அல்ல. அதற்கு ஒரே ஒரு காரணிதான்.