பிளேஆஃப் ஆடாததால் ஜோ தாமஸ் குறைந்துவிடவில்லை

அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரர் ஜோ தாமஸ் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் "ஒரு பிளேஆஃப் மேட்ச்கூட ஆடாத ஆள்தானே" என்று சொல்லிவிடுகிறார். பிளேஆஃப் என்பது சீசன் முடிவில் முன்னணி அணிகள் மட்டும் கோப்பைக்காக ஆடும் சுற்று. அவர் சொல்வது உண்மைதான். 2007 முதல் 2017 வரை என்.எஃப்.எல் லீகில் கிளீவ்லேண்ட் பிரௌன்ஸ் என்ற ஒரே அணிக்காக 167 மேட்ச் ஆடினார். அணி வென்றது 48, தோற்றது 119. இந்தக் கணக்கை வைத்து அவரை எடைபோடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் செய்த வேலை என்ன என்று தெரிந்தவர் அப்படிப் பேசமாட்டார்.

அமெரிக்கன் ஃபுட்பால் அதிகம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பந்தை எறிகிறவர் குவாட்டர்பேக். அவருக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள். இதுதான் ஆஃபென்சிவ் லைன். சென்டர் தன் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் அனுப்புவது ஸ்னாப். அந்த நொடியில் எதிரணியின் பெருத்த ஆட்கள் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்வார்கள். அவர்களை மறிப்பதுதான் இந்த ஐவரின் வேலை. 50 முதல் 79 வரை எண் போட்டவர்கள் பாஸ் பிடிக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே நடுவரிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். அதனால் புள்ளிவிவரப் பட்டியலில் இவர்கள் பெயருக்கு நேரே அநேகமாக எதுவுமே இருக்காது. டிவியில் பெயர் அடிபடுவதும் ஹோல்டிங் ஃபௌல் செய்து பத்து கெஜம் பறிகொடுக்கும்போதுதான். தேர் பார்க்கப் போகிறவர்கள் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரைப் பார்ப்பதில்லை, தேர் நிலைதவறினால்தான் அவரைத் தேடுவார்கள். அதே கதைதான் இங்கேயும்.

தாமஸ் ஆடியது இடது டேக்கிள். வலக்கை குவாட்டர்பேக் எறியத் தயாராகும்போது அவருடைய முதுகு இடப்பக்கம் இருக்கும். அங்கிருந்து வருகிறவரை அவரால் பார்க்க முடியாது. அந்தப் பக்கத்தை முழுக்க நம்பி ஒருவரிடம் விட்டுவிட வேண்டும். அதுவும் பிரௌன்ஸ் இருந்த பிரிவில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியை வருஷத்துக்கு இரண்டு தடவை சந்தித்தாக வேண்டும். அங்கே எதிரே வந்து நின்றவர் ஜேம்ஸ் ஹாரிசன், 2008ல் லீகின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர்.

தாமஸின் பழைய வீடியோக்களில் பந்தை விட்டுவிட்டு 73 என்ற எண்ணை மட்டும் பாருங்கள். ஸ்னாப் ஆனதும் இடது காலைப் பின்னுக்குச் சறுக்குவார், வலது கால் தொடர்ந்து வரும். இடுப்பு தாழ்ந்திருக்கும், முதுகு வளையாது. கையை எப்போது நீட்டுவது என்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. அவசரப்பட்டு நீட்டினால் எதிராளி அதைத் தட்டிவிட்டுச் சுற்றி ஓடிவிடுவார். தாமதித்தால் நெஞ்சில் இடித்து, தள்ளிக்கொண்டே போய் குவாட்டர்பேக் மேலேயே சாய்த்துவிடுவார். எல்லாம் சுமார் மூன்று விநாடிக்குள். அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி போய்க் குனிந்து நிற்க வேண்டும். இதை அவர் இடைவிடாமல் 10,363 ஸ்னாப் செய்தார். முதல் மேட்ச்சிலிருந்து ஒரு ஸ்னாப்கூட வெளியே உட்காரவில்லை. லீகில் ஸ்னாப் கணக்கு வைக்க ஆரம்பித்த பிறகு இந்த எண்ணிக்கையை வேறு யாரும் தொட்டதில்லை.

இதில் எனக்குப் பெரிதாகப்படுவது அந்த மேட்ச்கள் எப்படிப்பட்டவை என்பதுதான். 2016ல் பிரௌன்ஸ் வென்றது ஒரே ஒரு மேட்ச். அடுத்த வருஷம் பதினாறும் தோல்வி. முப்பது பாயின்ட் பின்தங்கி, அரங்கம் பாதி காலியான பிறகும் ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியான நாலாவது குவார்ட்டரில் ஒருவர் அதே இடுப்புத் தாழ்வோடு வந்து நிற்க என்ன காரணம் இருக்கிறது? அவருக்குப் பின்னால் நின்ற குவாட்டர்பேக் அன்றைக்கு முதல்தடவை இறங்கிய பையனாகக்கூட இருக்கலாம். தாமஸ் காலத்தில் பிரௌன்ஸுக்காக மேட்ச் தொடங்கிய குவாட்டர்பேக்குகள் இருபது பேர். தலைமைப் பயிற்சியாளர்கள் ஆறு பேர். அத்தனை பேர் வந்து போனார்கள், இடது பக்கத்தில் மட்டும் ஆள் மாறவில்லை. முதல் பத்து சீசனிலும் வரிசையாக, லீகின் சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ப்ரோ பௌலுக்குத் தேர்வானார். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியிலிருந்து ஒரு லைன்மேனை ஊர் உலகம் பத்து வருஷம் தேர்ந்தெடுப்பது சாதாரண விஷயமில்லை.

நல்ல லைன்மேன் இருந்தால் அணி ஏன் தோற்கிறது என்று கேட்பவர்களுக்கு 2014 சீசனைக் காட்டுவேன். அக்டோபரில் பிட்ஸ்பர்க்கோடு நடந்த மேட்ச்சில் பிரௌன்ஸ் சென்டர் அலெக்ஸ் மேக் கால் முறிந்து வெளியேறினார். அன்றைக்கு ஜெயித்துவிட்டார்கள். ஆனால் அடுத்த வாரமே, அந்த சீசனில் அதுவரை ஒன்றுகூட ஜெயிக்காத ஜாக்சன்வில்லிடம் தோற்றார்கள். பந்தை ஏந்தி ஓடும் ஆட்டம் அப்படியே படுத்துவிட்டது. தாமஸ் அப்போதும் அதே இடத்தில்தான் இருந்தார். ஐந்து பேரும் சேர்ந்தால்தான் லைன். ஒருவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் தன் இடத்தைத்தான் காக்க முடியும்.

2017 அக்டோபர் 22, டென்னஸி டைட்டன்ஸுடன் கிளீவ்லேண்டில் மேட்ச். மூன்றாவது குவார்ட்டரில் ஒரு ஓட்டத்துக்காக மறிக்கும்போது இடது மேற்கையின் பின்புறத் தசையான ட்ரைசெப்ஸின் தசைநார் கிழிந்தது. கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அதோடு சரி, அப்புறம் அவர் ஆடவேயில்லை. 2018 மார்ச்சில் ஓய்வை அறிவித்தார்.

ஆடிய காலத்தில் அவர் எடை ஏறக்குறைய 140 கிலோ. அந்த எடையைத் தக்கவைக்கப் பசி இல்லாவிட்டாலும் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு இருபது கிலோவுக்கு மேல் குறைத்தார். முழங்கால் வலியையும், ஆடிக்கொண்டிருந்தபோதே நினைவு மங்குவதையும் வெளிப்படையாகப் பேசினார். அவர் கொடுத்த விலையில் இதுவும் சேர்த்தி. "கோப்பை இல்லை" என்று சொல்லும்போது இது யார் மனதிலும் வருவதில்லை.

2015ல் அவரை டென்வர் அணிக்கு மாற்றப் பேச்சு நடந்தது, கடைசி நேரத்தில் படியவில்லை. அந்த சீசனில் டென்வர் லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலை ஜெயித்தது. மாறியிருந்தால் கையில் சாம்பியன்களுக்குக் கொடுக்கும் மோதிரம் இருந்திருக்கும் என்று அவருக்காக வருத்தப்படுகிறவர்கள் நிறைய. எனக்கு அந்த வருத்தம் இல்லை. மோதிரம் வந்திருந்தாலும் அவர் கால் சறுக்கும் விதம் ஒரு அங்குலம்கூட மாறியிருக்காது. 2023ல் தகுதி பெற்ற முதல் வருஷமே கேன்டனில் உள்ள ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்தவர்களுக்கான கௌரவப் பட்டியலில், சேர்த்துக்கொண்டார்கள். தெரிந்தவர்களுக்கு அவர் அருமை தெரிந்திருந்தது.

லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் என்று அசோசியேட்டட் பிரஸ் கொடுக்கும் விருதுதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம். அணி முதலாளிகள் இடது டேக்கிளுக்குக் கோடிகளைக் கொட்டுகிறார்கள், அவர்களுக்கு மதிப்பு தெரியும். விருதுக்கு ஓட்டுப் போடுகிறவர்களோ 1982ல் பந்தை உதைப்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட ஒரு கிக்கருக்குக்கூட, வாஷிங்டன் அணியின் மார்க் மோஸ்லிக்கு, அதைக் கொடுத்திருக்கிறார்கள். ஆஃபென்சிவ் லைன்மேன் ஒருவருக்கும் இதுவரை கொடுத்ததில்லை. தாமஸ் ஆடிய பதினோரு சீசனில் ஒன்றிலாவது கொடுத்திருக்க வேண்டும்.