கோக்கின் ஆய்வகத்துக்குள் போன கடல்பாசி

1882-இல் பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்தார், 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார் என்று, நோய்க்கிருமிகளைக் கண்டுபிடித்த கதை பற்றி நீங்கள் எழுதிய கட்டுரை ஊர் ஊராகச் சொல்கிறது. சரி, அடுப்படியை விட்டுவிட்டீர்களே! அப்போது ஆய்வகத்தில் கிருமி வளர்க்க ஜெலட்டின் என்ற கூழ்தான். நம் உடம்புச் சூடான 37 டிகிரியில் அது உருகிவிடும். கோக்கிடம் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானிதான், ஜெல்லிக்குத் தான் போடும், அந்தச் சூட்டில் உருகாத அகரைப் (கடல்பாசியிலிருந்து எடுப்பது) போட்டுப் பார்க்கச் சொன்னார். லேப்களில் இன்றும் அதுதான். நோன்புக்கு நாம் காய்ச்சும் கடல்பாசியும் அதே சரக்குதான். ஏர்வாடிப் பக்கம் என் சின்னம்மா விரல்களில் துணி சுற்றி, முங்கி முங்கிப் பாறையிலிருந்து பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசி அகருக்குத்தான் போகிறது. விஷயத்தைச் சொன்னேன். “அப்படியா? கிலோவுக்கு விலை ஏத்துவாங்களா?” என்றார்.