சாவி இலைக்கடியில் இருக்கிறது

அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'மஞ்சள் சுவர்த்தாள்' கதையைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "கடைசியில் அவள் விடுதலை அடைந்துவிடுகிறாள்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். நேற்று ஒரு நண்பரும் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உடம்பு தேறட்டும் என்று, மஞ்சள் சுவர்த்தாள் ஒட்டிய மாடி அறையில் கணவன் ஓய்வில் வைத்திருக்கும் கைக்குழந்தையின் தாய் ஒருத்தி தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, பூட்டிய அறையின் சுவரோரம் தவழ்ந்து தவழ்ந்து சுற்றுகிறாள். இதற்குப் பெயர் விடுதலையா?

"அது ஒரு மனநோயாளியின் கதை, இதில் பெண்ணடிமைத்தனம் எங்கே வந்தது?" என்று கேட்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போவதில்லை. தனக்கு உடம்பு சரியில்லை என்று தொடக்கத்திலேயே சொல்பவள் அவள்தான். பெரிதாக ஒன்றுமில்லை என்பது கணவன் ஜான். அவன் மருத்துவன். அவளுடைய அண்ணனும் மருத்துவன், அவனும் அதையேதான் சொல்கிறான். வீட்டில் இரண்டு மருத்துவர்கள் இருந்தும், நோயாளி தன் நோயைப் பற்றிச் சொல்வதை மட்டும் யாரும் காதில் வாங்குவதில்லை. எனக்கு இந்தக் கதையே அதுதான்.

கில்மனுக்கு நடந்ததும் அதுதான். 1885இல் மகள் பிறந்தபின் மனச்சோர்வு அவரை அழுத்தியது. 1887இல் பிலடெல்பியாவில் டாக்டர் சைலஸ் வீயர் மிட்செலிடம் போனார். மிட்செல் போலி மருத்துவர் அல்லர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பு சிதைந்த சிப்பாய்களுக்குச் சிகிச்சை அளித்தவர். துண்டிக்கப்பட்ட பின்னும் கை கால்கள் இருப்பதுபோல் உணரும் நிலைக்குப் 'பேய் உறுப்பு' என்ற பொருளில் பெயர் சூட்டியவரும் அவரே. இல்லாத கால் வலிக்கிறது என்று ஒரு சிப்பாய் சொன்னால் நம்பத் தெரிந்தவர். ஆனால் கில்மன் தன் நோயின் வரலாற்றை நீண்ட கடிதமாக எழுதி அனுப்பியபோது, அதில் அவருக்குத் தெரிந்தது அந்தப் பெண்ணின் தற்பெருமைதான்!

சிகிச்சை அவருடைய புகழ்பெற்ற 'ஓய்வு மருத்துவம்': படுக்கை, கொழுக்கக் கொழுக்கச் சாப்பாடு, பால், உடம்பு பிடித்துவிடுதல், மின்சாரத் தூண்டல். ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது அவர் சொன்னவை: குழந்தையை எப்போதும் கூடவே வைத்துக்கொள், அறிவு சார்ந்த வேலை நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஆயுளுக்கும் பேனாவைத் தொடாதே. இதே மிட்செல், நரம்புத் தளர்ச்சியோடு வந்த ஓவன் விஸ்டர் என்ற இளைஞரை 1885இல் வயோமிங்குக்கு அனுப்பினார். குதிரை, வேட்டை, திறந்தவெளி. விஸ்டர் அங்கே கண்டதையெல்லாம் எழுதிப் பெயர் பெற்றார்.

கில்மன் சுமார் 3 மாதம் சொன்னபடி கேட்டார், பித்துப் பிடிக்கும் விளிம்புவரை போனார், பிறகு பேனாவை எடுத்தார். 1892 ஜனவரியில் கதை அச்சானது. மிட்செலுக்கும் ஒரு பிரதி அனுப்பினார். பதில் வரவில்லை.

ஜானைக் கொடுமைக்காரனாக எழுதியிருந்தால் இந்தக் கதை என்றோ மறந்துபோயிருக்கும். அவன் அன்பானவன். அவளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறான், படுக்கையருகே உட்கார்ந்து படித்துக் காட்டுகிறான். ஒரு நிலா இரவில், இங்கிருந்து போய்விடலாம் என்று அவள் கெஞ்சுகிறாள். உடம்பு தேறிவிட்டது, சதை போட்டிருக்கிறது, நான் டாக்டர், எனக்குத் தெரியாதா என்கிறான் அவன். உடம்பு தேறியிருக்கலாம் என்று அவள் இழுக்கிறாள். அவன் பார்க்கிற பார்வையில் மீதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. சுவர்த்தாளின் கோலங்களுக்குப் பின்னால் ஒரு பெண் தவழ்வதை நாளாக நாளாக அவள் பார்க்கத் தொடங்குகிறாள் என்றால், அவளோடு பேச அந்த அறையில் வேறு யார் இருந்தார்கள்?

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். அறையைப் பூட்டிச் சாவியை வெளியே எறிந்துவிட்டாள். ஜான் கதவை இடிக்கிறான், கோடாலி கேட்கிறான். சாவி வாசற்படி அருகே 'பிளான்டெய்ன்' இலைக்கடியில் கிடக்கிறது என்கிறாள் அவள். (வாழையிலை என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். அது அந்த ஊர் வாசல்களில் தானாக முளைக்கும் ஒரு களை.) ஒருமுறை சொன்னதில் அவன் நகரவில்லை. மெதுவாக, மென்மையாக, திரும்பத் திரும்பச் சொல்கிறாள். வேறு வழியில்லாமல்தான் இறங்கிப் போய்ப் பார்க்கிறான்.

சாவி அங்கேதான் இருக்கிறது.