கராத்தே வகுப்பும் கோபமும்: ஒரு சிறு திருத்தம்

“எந்தத் தற்காப்புக் கலையானாலும் சரி, பையனைச் சேர்த்துவிட்டால் ஆறே மாதத்தில் கோபம் அடங்கிவிடும், ஆய்விலேயே நிரூபித்திருக்கிறார்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. “எந்தக் கலையானாலும்” என்பதுதான் தவறு.

அடிக்கடி சுட்டப்படுவது டிரல்சன் (Trulson) என்ற ஆய்வாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வு. சட்டச் சிக்கலில் மாட்டிய 34 பதின்ம வயதுப் பையன்களை மூன்று குழுக்களாகப் பிரித்து ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார். மரியாதை, தியானம், அடிப்படை அசைவு வரிசைகள் எல்லாம் சேர்த்து டேக்வாண்டோ என்ற கொரியத் தற்காப்புக் கலையைக் கற்றவர்களுக்கு மூர்க்கம் குறைந்தது. சண்டை நுட்பம் மட்டும் கற்ற குழுவில் அது கூடியது! மூன்றாவது குழுவுக்கு ஓட்டம், பந்து விளையாட்டு போன்றவை. அதில் பெரிய மாற்றமில்லை. 34 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, அதையும் மறக்க வேண்டாம். 2005-இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில் எண்ட்ரசன் (Endresen), ஓல்வேயஸ் (Olweus) இருவரும் சிறுவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது குத்துச்சண்டை, மல்யுத்தம், பளுதூக்குதல், கிழக்காசியத் தற்காப்புக் கலைகளில் சேர்ந்தவர்களிடம் முரட்டு நடத்தை அதிகரித்ததாகவே கண்டார்கள்.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள், ஆய்வுச் சுருக்கத்தை இலவசமாகப் படிக்கலாம். ஒப்பீட்டுக் குழு இருந்ததா, என்ன கற்பித்தார்கள் என்ற இரண்டையும் தேடுங்கள். உள்ளூர் வகுப்பு என்றால் ஒரு நாள் முழுதாக உட்கார்ந்து பாருங்கள்: ஜோடிச் சண்டையில் ஒருவன் வேண்டுமென்றே ஓங்கி அடித்தால் மாஸ்டர் உடனே நிறுத்துகிறாரா, சிரித்துக்கொண்டு விட்டுவிடுகிறாரா?